தள்ளிவிட ஒரு பாட்டும் இல்லாத தொகுப்பு

(அன்னவாசலில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஓர் இசைத்தொகுப்பு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை குறையே இல்லாமல் அமைய முடியுமா என்ற கேள்வி, தொகுப்பு என்ற ஒன்று விலைக்கு வந்த பிறகே பிறந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான இசைதான் அடங்கும். 1940-களில் புதுக்கோட்டை பி.யு. சின்னப்பாவின் பாட்டொன்று பிடித்துப்போனவர், அந்தப் பாட்டு இருக்கும் தட்டை மட்டும் வாங்கினார். மறுபக்கத்துப் பாட்டு பிடிக்காவிட்டால் திருப்பிப் போடாமல் விட்டார். படத்தின் பாட்டுகள் அத்தனையும் தேறுமா என்று எடைபோட வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை.

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. அதன் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் கேசட் வந்தது. இவை இரண்டும் தமிழ்நாட்டு வீடுகளில் பரவிய பிறகு, ஒரு படத்தின் ஐந்தாறு பாட்டுகள் ஒரே கட்டாக ஒரே விலைக்கு வந்தன. ஆறு பாட்டுக்குக் காசு கொடுத்தவர் மூன்றைத்தான் விரும்பிக் கேட்டார் என்றால் மீதி மூன்றும் அவருக்கு நட்டம். ‘எல்லாப் பாட்டும் ஹிட்’ என்ற பாராட்டும், ஃபார்வர்டு போடாமல் கேட்கக்கூடிய கேசட் என்ற சிறப்பும் அந்தக் கணக்கிலிருந்து வந்தவை.

அந்த நட்டத்துக்குக் கேட்பவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1980, 90-களில் தமிழ்நாட்டின் சிற்றூர்க் கடைத்தெருக்களில், விரும்பிய பாட்டுகளைப் பதிந்து தரும் கடைகள் இருந்தன. ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்து, 60 அல்லது 90 நிமிட வெற்றுக் கேசட்டில் பதிவு செய்து வாங்கிக்கொள்ளலாம். பிடிக்காத பாட்டு ஒன்றுகூட அதில் இருக்காது. ஆனால் அப்படிப் பதிந்த கேசட்டை முழுவதும் கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும்: தனித்தனியே உயிரை உருக்கும் பாட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது ஒன்றையொன்று கெடுத்தன. தாலாட்டு முடிந்த கணத்தில் துள்ளல் பாட்டு வந்து விழுந்தது. நாடா போதாமல் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்தது. எல்லாம் நல்ல பாட்டுகளாக இருப்பது வேறு, தொகுப்பு நன்றாக இருப்பது வேறு என்பதற்கு அந்தக் கேசட்டுகளைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஒரு தொகுப்பின் பாட்டுகள் ஒன்றாக இருப்பதற்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் எவ்வளவு வலுவானதோ அவ்வளவுக்குத்தான் தொகுப்பு குறையின்மையை நெருங்குகிறது.

இதைப் பார்ப்பதற்கு முன் பதிவுக் கோளாறு என்ற ஒன்றை விலக்கிவிட வேண்டும். ஜாஸ் இசையில் குற்றம் காண முடியாதது என்று பலரும் முன்னிறுத்தும் தொகுப்பு, மைல்ஸ் டேவிஸ் 1959-இல் வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் புளூ’. அதன் முதல் பக்கத்துக்கான பதிவின்போது ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடிவிட்டது. சரியான வேகத்தில் இயக்கியபோது மூன்று உருப்படிகளும் இயல்பைவிடக் கொஞ்சம் வேகமாக, சுருதி ஒரு துளி ஏறி ஒலித்தன. 1992-இல் வந்த மறுவெளியீட்டில்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் அந்தத் தட்டைச் சுருதி பிசகிய நிலையிலேயே கேட்டு, குறையற்றது என்று கொண்டாடியது. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்களுக்கு அது உறுத்தியிருக்கலாம். மற்றவர்களின் தீர்ப்பை அது அசைக்கவில்லை. பழைய தட்டில் முள் உரசும் இரைச்சலுக்கும் இதே நியாயம் பொருந்தும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத் தோடி அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் இன்றும் கேட்கிறது. சித்தன்னவாசல் அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக்குள ஓவியம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. அதை வரைந்தவர்களின் பிழை என்று யாரும் சொல்வதில்லை. காலமும் கருவியும் செய்த சேதம் வேறு கணக்கில் சேர வேண்டியது.

படைத்தவரே குறை காணும் நிலை இதைவிடக் கடினமானது. கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்டு, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ உருப்படிகளை 1955-இல் பதிவு செய்தார். அந்தத் தட்டு அவரை உலகப் புகழுக்குக் கொண்டுசென்றது. 1981-இல் அதே இசையை முற்றிலும் வேறு நடையில், பல இடங்களில் மிக நிதானமான காலப்பிரமாணத்தில் மீண்டும் பதிந்தார். முதல் பதிவு அவருக்கு அப்போது நிறைவு தரவில்லை. இரண்டு பதிவுகளுக்கும் இன்று தனித்தனிக் கூட்டம் இருக்கிறது. ஒரே கலைஞர், ஒரே இசை, குறையற்றவை என்று பெயர் பெற்ற இரண்டு வடிவங்கள். ஒரு படைப்புக்குக் குறையில்லாத வடிவம் ஒன்றுதான் இருக்க முடியும் என்ற எண்ணத்தை இது உடைக்கிறது.

காரணத்தோடு கட்டப்பட்ட தொகுப்பு எப்படி இருக்கும் என்பதற்கு அன்னவாசல் வட்டாரத்திலேயே மிகப் பழைய சான்று ஒன்று பாறையில் நிற்கிறது. குடுமியான்மலையில் சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய குன்றின் சரிவில், மேலைக்கோயில் குடைவரைக்கு அருகே, ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடிப் பரப்பில் இசைக் கல்வெட்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. எழுத்து பல்லவ கிரந்தம், காலம் கி.பி. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு. எபிகிராஃபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் பண்டார்கர் இதைப் பதிப்பித்தார். மகேந்திரவர்ம பல்லவனின் படைப்பு என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. கல்வெட்டில் அரசனின் பெயர் இல்லை. உருத்திராசாரியாரின் மாணவனும் சிவபக்தனுமான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்ற செய்தி மட்டும் இருக்கிறது.

கல்வெட்டு ஏழு பகுதிகளைக் கொண்டது. மத்தியம கிராமம், சட்ஜ கிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு இருக்கிறது. இவை அந்தக் காலத்து இசை இலக்கணம் ஏற்றுக்கொண்டிருந்த ஏழு ராகங்கள். பகுதிகளுக்குள் சுரங்கள் நான்கு நான்காகக் கொத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. பதினாறு கொத்துகள் சேர்ந்து ஓர் அலகு, அதாவது 64 சுரங்கள். ஒவ்வொரு சுரத்தின் மெய்யெழுத்தோடும் அ, இ, உ, எ என்ற உயிர்களில் ஒன்று சேர்ந்து, ச, சி, சு, செ என்பதுபோல நான்கு சாயல்கள் வருகின்றன. சாகித்தியம் கிடையாது, சுரங்கள் மட்டும்தான். இறுதியில் தமிழில் ஒரு வரி வந்து, இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்கிறது. வீணையின் தந்திகளைக் குறிப்பது என்று அதற்குப் பொருள் கொள்வோர் உண்டு.

இந்தத் தொகுப்பில் ஒன்றைக் கழிக்க முடியாது. ஏழில் ஒரு பகுதியை நீக்கினால் இலக்கணத்தில் ஓட்டை விழும். எட்டாவது ஒன்றைச் சேர்த்தால் அதற்கு இடம் இருக்காது. இதைவிட இறுக்கமாகக் கட்டிய தொகுப்பைக் காட்டுவது கடினம். கல்லில் உளி தவறினால் அழிக்க வழியில்லை என்பதால், செதுக்குவதற்கு முன்பே முழுவதும் திட்டமிட்டாக வேண்டிய நிலையும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் நின்றது என்பதைக் கல் சொல்லவில்லை. நான்கு உயிரெழுத்துகளின் சாயல்கள் எதைச் சுட்டின என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கட்டமைப்பு குறையற்றது என்று துணிந்து சொல்லலாம். இசை குறையற்றது என்று சொல்ல, அதை அன்று இசைத்தபடி கேட்ட காது வேண்டும். குறை என்பது கேட்கும்போது நிகழும் தீர்ப்பு. காகிதத்திலோ கல்லிலோ அதை முடித்துவிட முடியாது.

கர்நாடக இசைக் கச்சேரிக்கும் இப்படியொரு கட்டமைப்பு உண்டு. இன்று மேடையில் நிலவும் கச்சேரி முறையைப் பெரும்பாலும் வடிவமைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சிறு கீர்த்தனைகள் வழியாக விரிவான உருப்படிக்கும் ராகம் தானம் பல்லவிக்கும் போய், துக்கடாக்களில் இறங்கி மங்களத்தில் முடிப்பது அந்த முறை. தொடக்கத்தில் குரல் பதம் வராமல் இருந்தாலும், நடுவில் ஒரு உருப்படி சோபிக்காமல் போனாலும் இந்த வரிசை தாங்கிக்கொள்ளும். மனோதர்மம் என்பதே துணிந்து இறங்குவதுதான். இறங்கும் இடமெல்லாம் முத்து கிடைப்பதில்லை. சபையில் உட்கார்ந்து கேட்பவருக்கு அந்தத் தடுமாற்றமும் கச்சேரியின் பகுதி. அதே கச்சேரி தட்டாக வந்து நூறாவது தடவை ஒலிக்கும்போது, தடுமாறும் இடம் முன்கூட்டியே தெரிந்து காது அங்கே போய்க் காத்திருக்கிறது. நேரில் மன்னிக்கப்பட்டது பதிவில் குறையாகிவிடுகிறது.

தமிழர்கள் மிக அதிகமாக முதலிலிருந்து கடைசி வரை கேட்ட தொகுப்புகள் பக்தித் தொகுப்புகளே. எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் 1963-இல் வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதத்துக்கு வரிசையை அந்த நூலே தந்துவிட்டது. சுப்ரபாதம் 29 சுலோகம், ஸ்தோத்திரம் 11, பிரபத்தி 16, மங்களாசாசனம் 14, மொத்தம் 70. துயிலெழுப்புதலில் தொடங்கி, போற்றி, சரணடைந்து, மங்களம் பாடி முடியும் இந்த ஓட்டத்தில் இடையில் தூக்கி வெளியே வைக்க ஒன்றும் கிடையாது. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசத்திலும் அப்படித்தான். விடியற்காலையில் கோயில் குழாய் ஒலிபெருக்கியில் அது ஒலிக்கும்போது எந்த இடம் நன்றாயிருக்கிறது, எந்த இடம் சுமார் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. உச்சி முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பையும் காக்க வேண்டும் என்று கேட்கும் பாட்டில் எந்த உறுப்பை விட்டுவிடுவது? பக்தியால் மக்கள் குறை காண மறுக்கிறார்கள் என்று இதை ஒதுக்கிவிடலாகாது. பக்தியோடு வெளிவந்த எத்தனையோ கேசட்டுகள் ஒரே ஆடி மாதத்தில் மறைந்துபோயிருக்கின்றன. இவை நின்றதற்குக் குரலும் பாடமும் ஒன்றில் ஒன்று கரைந்திருப்பதே காரணம்.

பாடம் முன்கூட்டியே கிடைக்காத இடத்தில் இதைச் சாதிப்பது இன்னும் கடினம். கண்ணதாசன் எழுதி எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்த ‘ஸ்ரீ கிருஷ்ண கானம்’ அதைச் சாதித்தது. டி.எம். சௌந்தரராஜன், எஸ்.பி. பாலசுப்ரமணியம் முதலிய பல குரல்கள் அதில் உண்டு. ஒவ்வொருவருக்கும் வேறு மெட்டு, வேறு உணர்வு. ஆனாலும் தொகுப்பு சிதறவில்லை. எழுதிய கை ஒன்று, மெட்டமைத்த மனம் ஒன்று, பாடப்படுபவன் ஒருவன். திரைப்படத்தில் இயக்குநர் சொல்லும் காட்சிக்குக் கட்டுப்பட்டுப் பல்லாண்டு உழைத்த இருவர், காட்சியே இல்லாத இடத்தில் தாங்களே எல்லை வகுத்துக்கொண்டு செய்த வேலை அது. தமிழில் திரைக்கு வெளியே உருவான தொகுப்புகளில், தள்ளிவிட ஒரு பாட்டும் இல்லை என்று சொல்லத் தகுந்த ஒன்றைக் காட்டச் சொன்னால், இதையே முதலில் காட்ட வேண்டும்.

திரைப்படத் தொகுப்பின் நிலை வேறு. அதன் பாட்டுகள் ஒன்றுக்கொன்று துணையாகப் பிறப்பதில்லை. அறிமுகக் காட்சிக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று, சோகத்துக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று என்று கதையின் வெவ்வேறு மூலைகளில் பிறக்கின்றன. கேசட்டில் அவை வரும் வரிசை படத்தில் வரும் வரிசையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதும் இல்லை. விற்கும் பாட்டு ஏ பக்கத்தின் தலையில் போய் உட்காரும். இந்த நிலையிலும் சில படத் தொகுப்புகள் முழுமையாக நிற்கின்றன. அவற்றைக் கூர்ந்து கவனித்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும்: கதையே இசையைப் பற்றியதாக, அல்லது கலையைப் பற்றியதாக இருக்கும். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968), ‘சலங்கை ஒலி’ (1983), ‘சிந்து பைரவி’ (1985) ஆகியவை அந்த வகை. பாரதிராஜாவின் ‘காதல் ஓவியம்’ (1982) கண்பார்வையற்ற பாடகனின் கதை. படம் ஓடவில்லை, இளையராஜாவின் பாட்டுகள் நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் ஒலிக்கின்றன. படத்தின் தாங்கலே இல்லாமல் ஒரு படத் தொகுப்பு தன் காலில் நிற்க முடியும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சோதனை கிடையாது. அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் ஒரே பாடகனைச் சுற்றி அமைந்ததுதான் அவற்றைக் காத்தது.

‘சிந்து பைரவி’யில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. சித்ராவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த பாட்டு, நாட்டுப்புற மெட்டில் தொடங்கி, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையில் போய்ச் சேர்கிறது. தியாகராஜர் அதைக் காம்போதியில் அமைத்தார். இளையராஜா சாரமதியில் கொண்டுவந்தார். மரபில் ஊறிய ரசிகர்கள் சிலருக்கு அது பொறுக்க முடியாத குற்றம். நாட்டுப்புற மெட்டுக்கும் கீர்த்தனைக்கும் இடையே வேலியில்லை என்று அந்தக் காட்சி நாட்ட முயல்கிறது. அதற்கு அந்த ராகமாற்றம்தான் பாலம். தொகுப்பின் மிகப் பெரிய குறை என்று ஒரு சாரார் சுட்டும் இடமே அதன் உச்சம் என்று மற்றொரு சாரார் சொல்லும்போது, நடுநிலையான அளவுகோல் எதுவும் உதவாது. கதைக்குள் நின்று கேட்டால் இரண்டாவது சாரார் சொல்வதே சரி. அதே படத்தில் கே.ஜே. யேசுதாஸ் பாடும் குடிப்பாட்டும் அப்படி. தனியே எடுத்தால் மற்றப் பாட்டுகளின் கௌரவத்துக்கு ஒவ்வாதது போலத் தோன்றும். ஆனால் கதாநாயகனான வித்துவான் விழுந்த ஆழத்தை அதே குரல் காட்டாவிட்டால் அவர் எழுவதற்குப் பொருளில்லை.

இசையைப் பற்றிய கதையாக இல்லாமலும் முழுமை பெற்ற தொகுப்புக்கு ‘ரோஜா’ (1992) எடுத்துக்காட்டு. அங்கே பாட்டுகளைச் சேர்த்துக் கட்டியது ஒலி. ஏ.ஆர். ரகுமான் தம் வீட்டை ஒட்டி அமைத்துக்கொண்ட பதிவுக்கூடத்தில் பொறுமையாக அடுக்கி உருவாக்கிய அந்த ஒலியின் தெளிவு ஒவ்வொரு பாட்டிலும் இருக்கிறது. வைரமுத்துவின் சொற்கள் எல்லாவற்றிலும் ஓடுகின்றன. ஊர்ப் பெண்கள் கூடி ஆடும் ருக்குமணி பாட்டு மட்டும் கூட்டத்தில் சேராமல் நிற்பதாகச் சிலருக்குப் படும். அதை நீக்கிவிட்டால் கதாநாயகி விட்டுவந்த ஊர் தொகுப்பிலிருந்தே மறைந்துவிடும்.

தமிழ்நாட்டில் தொகுப்பாகவே சிந்தித்து, தொகுப்பாகவே எழுதப்பட்ட இசைக்கு இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) தலையாய சான்று. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட பத்து உருப்படிகள். முதன்மை வயலின் வி.எஸ். நரசிம்மன். தலைப்புகளே அடுத்தடுத்துத் தொடர்கின்றன. ஓர் உருப்படி தியாகராஜரை மேற்கத்திய அறை இசைக்குள் வரவேற்கிறது, அடுத்தது பாக்கை வீட்டில் சந்தித்ததாகச் சொல்கிறது, அதற்கடுத்தது இருவரும் பேசிக்கொண்டதாகச் சொல்கிறது. சந்திப்பில் பாக்கின் வயலின் இசை நேரடியாகவே வந்து, அதைச் சுற்றி இளையராஜாவின் இசை வளர்கிறது. இந்த மூன்றையும் இடம் மாற்றினால் பேச்சு முதலிலும் அறிமுகம் பின்னாலும் போய்விடும். வார்த்தையில்லாத இசையில் இப்படி வரிசையைக் கட்டாயமாக்குவது அரிது. ஒவ்வொரு உருப்படியும் ஒரே உயரத்தில் நிற்கிறது என்று சொல்ல முடியாது. பயிற்சிபோல எழுதப்பட்டவையும் உண்டு. ஆனாலும் அவை இல்லாமல் பெரிய உருப்படிகளின் மூச்சு திணறியிருக்கும். கேட்பவர் தாண்டிப் போக நினைக்காத வரைக்கும் உயரம் குறைந்த உருப்படியைக் குறை என்று எண்ண வேண்டியதில்லை.

இன்று படம் வெளிவருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே பாட்டுகள் ஒவ்வொன்றாக லிரிக் வீடியோவாக வருகின்றன. கைபேசியில் கேட்பவருக்கு அடுத்து வரும் பாட்டைச் செயலி தேர்ந்தெடுக்கிறது. வரிசை என்ற ஒன்றை இசையமைப்பாளர் எண்ணிப் பார்க்கவே இடமில்லாத சூழல் இது. நல்ல பாட்டுகள் குறைந்துவிடவில்லை. அவை ஒன்றாக இருப்பதற்கான காரணம்தான் குறைந்துவிட்டது. வெற்றுக் கேசட்டில் பாட்டுகளைப் பதிந்து வாங்கிய தலைமுறை தானே விரும்பிச் செய்ததை இப்போது சந்தையே எல்லோருக்கும் செய்து கொடுக்கிறது. இதே காலத்தில், 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றியது. சிம்பொனியின் பகுதிகள் குறிப்பிட்ட வரிசையில், ஒன்றை அடுத்து ஒன்றாக, முழுவதும் இசைக்கப்பட வேண்டியவை. அதைக் கேட்கப் போனவர்கள் எந்தப் பகுதியையும் தாண்ட வழியில்லாமல், தொடக்கம் முதல் முடிவு வரை உட்கார்ந்து கேட்டார்கள்.